நான் இருந்தால் மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்

நான் பொருத்திய முதல் கிராபிக்ஸ் கார்டிலிருந்து படம் வரவில்லை. புகைதான் வந்தது. கொடைக்கானலில் புகை வந்தால் மூடுபனி என்று நினைத்துக்கொள்வார்கள் என நம்பி, இரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றேன். நாற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது.

இருபது வருடத்துக்கும் மேல் இந்த மலையில் கம்ப்யூட்டர் மெக்கானிக்காக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். பழைய கடைக்குப் போனால் இப்போது இருக்கிற பிள்ளைகள் டீ வாங்கித் தந்து மரியாதை செய்கிறார்கள். போன மாதம் அவர்கள் பிரித்துப் போட்டிருந்த கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு முழங்கை நீளத்துக்கு இருந்தது. மூன்று காற்றாடி, தனி மின்வயர், தாங்கிப் பிடிக்க ஒரு முட்டு. அங்கே வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி, "உங்க காலத்துல ஈசிதானண்ணே, சின்னக் கார்டு, சொருகுனா முடிஞ்சது" என்றாள். அந்த "சொருகுனா முடிஞ்சது" இரண்டு நாள் என் காதிலேயே நின்றது. அதற்குப் பதில்தான் இது. கற்றதையெல்லாம் எழுதித் தரச் சொல்லி முன்பே கேட்டிருந்தார்கள். கற்றதை எழுதினால் அரைப் பக்கம் தேறாது. கெடுத்ததை எழுதுகிறேன், தாராளமாக வரும்.

சொந்த ஊர் பாலசமுத்திரம். அப்பா தச்சர். பழனியில் டிவி ரிப்பேர் கற்றேன், ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன், மலைக்கு பஸ் ஏறினேன். என் படிப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தேவசகாயம் சார்.

ஏழு ரோடு சந்திப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்த எங்கள் கடையின் சர்வீஸ் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஒல்லியான மனிதர். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். குரல் உயரவே உயராது. கோபம் ஏற ஏற மரியாதைதான் ஏறும். "பாண்டி, இங்க வாப்பா" என்றால் எல்லாம் நலம். "பாண்டியன் அவர்களே" என்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்க வேண்டும்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. முதல் சட்டம் ஸ்வெட்டர். கம்பளி உடம்பில் உரச உரச மின்சாரம் சேரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி விரலிலிருந்து தாவினால் போதும், சிப்பு செத்துவிடும். ஆகவே கேபினெட்டைத் திறக்குமுன் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். மார்கழி, தை என்றெல்லாம் சலுகை கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் குல்லாயும் மப்ளருமாக வெடவெடத்து நிற்பார்கள். பருத்திச் சட்டையில் அவர்களைவிட அதிகமாக வெடவெடப்பவன் மெக்கானிக். அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை.

இரண்டாவது, ஒரு நீள நோட்டு. கம்ப்யூட்டர் உள்ளே வந்ததும் கொண்டுவந்தவர் சொன்னதை, அவர் வாயிலிருந்து வந்தபடியே அதில் எழுத வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர். "டிஸ்பிளே கோளாறு" என்று எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவார். "திருவிழா சீரியல் செட்டு மாதிரி மினுக்குதுங்க" என்று எழுதினால் தலையை ஆட்டுவார். எழுதுவதற்குப் பக்கத்தில், கடைசியாக நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று இருக்கும். அதன் தலைப்பு, காரணம்.

இனி அந்தப் புகை. அந்தக் காலத்துக் கார்டின் அடிவிளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். போர்டில் உள்ள பள்ளத்தில் அதற்கு எதிராக ஒரு மேடு இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் அந்த போர்டு அந்தக் கார்டுக்கு ஏற்ற கரண்டைக் கொடுக்கும் என்று அர்த்தம். என் கார்டு பொருந்தவில்லை. நான் தச்சர் மகன். கதவு சட்டத்தில் இடித்தால் எங்கள் வீட்டில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். அரத்தை எடுத்து இழைத்தேன். அழகாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன்.

சார் வந்து கார்டைக் கையில் வாங்கி, நான் இழைத்த விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"பாண்டியன் அவர்களே, தங்கள் தகப்பனார் செஞ்ச கதவு எதாச்சும் இதுவரைக்கும் புகைஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"அவரு அளந்து செஞ்சிருப்பாரு."

அவ்வளவுதான் திட்டு. அதற்குப் பிறகு, வெட்டைப் பார்க்காமல் நான் ஒரு கார்டையும் தொட்டதில்லை.

பூம்பாறை கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அங்கே ஒரு பூண்டு வியாபாரி வீட்டில் புதுக் கார்டு போட்டும் திரை கருப்பாகவே இருந்தது. பஸ் பிடித்துப் போய், பாதி நாள் கழற்றி மாட்டினேன். மெமரியை மாற்றினேன், பேட்டரியைப் பிடுங்கினேன், சாமியைக்கூடக் கும்பிட்டேன். டீ கொண்டுவந்த வீட்டம்மா பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏண்ணே, அதே மாதிரி இன்னொரு ஓட்டை கீழ இருக்குல்ல? இந்த வயர மாத்திச் சொருகுனா ஆகாதா?"

மானிட்டர் வயர் பழைய இடத்திலேயே இருந்தது. புதுக் கார்டின் வாயில் செருகவே இல்லை. செருகியதும் படம் வந்துவிட்டது. "நல்ல வேளை, நீங்க வந்தீங்க" என்று அந்த அம்மா இரண்டு கிலோ பூண்டு கொடுத்தனுப்பினார். அதில் கேலி இருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பூண்டு அருமையான பூண்டு.

இப்படியெல்லாம் அடிபட்டு, இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் கார்டு போடுவதில் பெரிய ஆளாகிவிட்டேன். இதைத் தற்பெருமையாகவே சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டின் வெறும் இரும்பை ஒரு கணம் பிடிப்பேன். கார்டின் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைப்பேன். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் அழுத்தி, "டக்" சத்தத்துக்குக் காது கொடுப்பேன். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான். பழைய கேபினெட்டுகள் கொஞ்சம் கோணலாக இருக்கும். பின்பக்கத் தகட்டோடு பிணைக்கும் திருகை முறுக்கும்போது கார்டின் மறுமுனை, அதாவது வால், நூல் அளவு மேலே எழும்பிவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. நான் திருகை முறுக்கிவிட்டு வாலை விரலால் தடவிப் பார்ப்பேன். அந்த ஒரு தடவலுக்காக வத்தலக்குண்டிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள்.

அந்தப் பெருமையின் உச்சியில் இருந்தபோதுதான் செல்வராணியின் கம்ப்யூட்டர் வந்தது.

செல்வராணிக்குப் பெருமாள்மலையில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்மாடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். பெற்றோர் இங்கே வந்த சில வருடங்களில் காலமாகிவிட்டார்கள். ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் கழுவப் போய், கேமரா பிடிக்கக் கற்று, சொந்தக் கடை போட்டு, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த தம்பியை ஆளாக்கியவர். அந்தத் தம்பிக்குக் கல்யாணம். கல்யாண வீடியோவைத் தானே எடுத்து, தானே தொகுக்கப் போகிறார். அதற்கென்று ஒரு புதுத் தொகுப்பு மென்பொருள் வாங்கியிருந்தார். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அது திறக்கவே மறுத்தது. கம்ப்யூட்டரோ நாலு வருடப் பழசு.

நான் போர்டைப் பார்த்தேன், வெட்டைப் பார்த்தேன், பலம் போதாத பவர் சப்ளையை மாற்றினேன், கார்டை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன், வாலைத் தடவினேன். எங்கள் மேஜையில் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தனுப்பினேன். கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"பாண்டியண்ணே, ரெண்டரிங் போட்டா அரை மணி நேரத்துல கலர் கலரா கோடு விழுந்து நின்னுருது. நாலு தடவ ஆயிருச்சு."

ரெண்டரிங் என்பது, தொகுத்துவைத்த துண்டுகளையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சமைப்பது. அந்த மெஷினில் ஐந்து மணி நேரம் ஆகும். நடுவில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவருடைய அவசரம் எனக்குத் தெரியும். குடும்பம் இந்தியா வந்தபோது மூத்த அக்கா அங்கேயே தங்கிவிட்டார். அங்கே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அவரைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வரக் கிளம்பி, மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அவருடைய கணவர் முத்தையா மட்டும் வந்திருந்தார். சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் அவர் மலை இறங்கினால்தான் மறுநாள் திருச்சியில் விமானம். அவர் கையில் கல்யாண வீடியோ சீடி போக வேண்டும். முன்பு ஒரு தடவை தபாலில் அனுப்பிய ஆல்பம் போய்ச் சேரவே இல்லை. அதனால் தபாலை யாரும் நம்பவில்லை.

புதன்கிழமை காலையில் போனேன். கம்ப்யூட்டரை எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தேன். இரண்டு மணி நேரம் ஓட்டினேன். ஒரு கோடும் விழவில்லை. வோல்டேஜ் குறைவுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லி ஸ்டெபிலைசரை மாற்றிவிட்டு வந்தேன். கடைக்கு வந்து சேருமுன் போன் வந்துவிட்டது, நின்றுவிட்டதாம்.

மாலையில் மறுபடி போய்க் கம்ப்யூட்டரைச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் சால்வையை எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, புள்ளைக்குக் காய்ச்சலா?"

"ஆமாய்யா, சூடு கொறைய மாட்டேங்குது."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் சொன்னதுதான் நோயின் பெயர் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் கடையில் ஓடியது. நான் பெயரளவுக்குக் கார்டைத் துடைத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை வெள்ளனே கொண்டுபோய் வைத்து, அங்கேயும் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினேன். செல்வராணி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னார்:

"நீங்க இருந்தா ஓடுதுண்ணே. நீங்க அந்தண்ட போனா நின்னுருது."

"மெஷினுக்கு என்மேல பயம்மா" என்றேன். கடைக்குத் திரும்பி அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நின்றுவிட்டது. மணி பதினொன்று. மறுநாள் மூன்று மணிக்கு பஸ்.

சார் நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான் "டிஸ்பிளே கோளாறு, கரண்ட் பிரச்சனை" என்று எழுதியிருந்தேன்.

"பாண்டியன் அவர்களே, இது தாங்கள் சொன்னது. அந்தம்மா என்ன சொன்னாங்க?"

நான் சிரித்துக்கொண்டே, "நான் இருந்தா ஓடுதாம், போனா நின்னுருதாம் சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"சரி. நீங்க கெளம்புறதுக்கு முன்னாடி கடேசியா என்ன செய்வீங்க?"

"டீ குடிப்பேன் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"கம்ப்யூட்டரத் தூக்கி அலமாரிக்குள்ள வச்சு, கதவச் சாத்திட்டு…"

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

மலையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கே இருக்கிற ஈரத்துக்கு லென்ஸ்களில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் லென்ஸ் அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு அறுபது வாட் பல்பை எரியவிடுவார்கள். இரண்டு வருடம் முன்பு செல்வராணியின் கம்ப்யூட்டர் போர்டும் பச்சை பூத்து வந்தது. சுத்தம் செய்து கொடுத்தபோது, பெரிய கண்டுபிடிப்பாளர் மாதிரி ஒரு யோசனை சொன்னேன். லென்ஸ் அலமாரியின் கீழ்த்தட்டிலேயே கம்ப்யூட்டரையும் வையுங்கள், பின்பக்கம் ஓட்டை போட்டு வயரை வெளியே எடுங்கள், பூஞ்சை கிட்டேயே வராது. வரவும் இல்லை. பழைய மெஷின் உள்ளே குளிர் காய்ந்துகொண்டு சுகமாக இருந்தது. ஆனால் நான் புதிதாகப் போட்ட கார்டு தானே ஒரு அடுப்பு. பல்பு எரிகிற மூடிய அலமாரிக்குள் அந்த அடுப்பையும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு டீ குடித்தவன் நான்தான். சரிபார்க்க வரும்போதெல்லாம் மேஜையில் எடுத்து வைத்துப் பார்த்தவனும் நான்தான்.

உடனே ஓடப் பார்த்தேன். சார் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "தெரிஞ்சிருச்சுன்னு நெனைக்காத. கோளாற வரவழைச்சுப் பாரு, போக்கிப் பாரு. அப்பறம் அந்தம்மாகிட்ட சொல்லு."

குரலில் மரியாதை குறைந்திருந்தது. அதனால் தைரியம் வந்தது.

பிலிம் கழுவிய காலத்து வெப்பமானி ஒன்று செல்வராணியிடம் கிடந்தது. அதைக் கார்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். கதவைச் சாத்தி, பல்பை எரியவிட்டு, ரெண்டரிங் போட்டோம். வெளியே எல்லோரும் பல்லைக் கிட்டிக்கொண்டிருந்த குளிரில், உள்ளே ஐம்பதைத் தாண்டியது. இருபத்தைந்தாவது நிமிடம் கோடு விழுந்தது. மெஷினை வெளியே எடுத்து ஆறவிட்டு ஓட்டினோம். ஒரு மணி நேரம் ஆகியும் விழவில்லை. மறுபடி உள்ளே வைத்துச் சாத்தினோம். மறுபடி விழுந்தது. என் தொழிலில் ஒரு கோளாறைப் பார்த்து நான் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்ததுதான் கஷ்டமான சோலி. கரண்ட்டுதான் காரணம் என்று நான் சொன்னதை நம்பி, செல்வராணி மின்வாரிய லைன்மேனிடம் இரண்டு நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காமல் விட்டிருந்தால் பழி கம்பத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

"கரண்ட்டுமேல தப்பில்லம்மா. அலமாரிக்குள்ள வைக்கச் சொன்னது நான். புதுக் கார்டு போட்டப்ப வெளிய எடுக்கச் சொல்லாம விட்டதும் நான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அந்த லைன்மேன் அண்ணன நான் பேசுன பேச்செல்லாம்?"

"எனக்குச் சேர வேண்டியது."

"நீங்களே போய் அவர்ட்ட சொல்லிட்டு வாங்க. மொதல்ல எனக்கு இந்தப் படம் வேணும்."

சோதித்து முடிக்கவே இருட்டிவிட்டது. மெஷினை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரெண்டரிங்கை ஆரம்பித்தோம். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மெஷினை ஜன்னலோரம் வைத்தோம். மலைக்குளிரைவிட மலிவான காற்றாடி எங்கே கிடைக்கும்? ஒன்பதரைக்கு மூடுபனி ஏறியது. ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும், மூடினால் சூடு ஏறும். நான் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பயணத்துக்கென்று கோட்டுப் போட்டு வந்திருந்த முத்தையா, போட்டோ எடுக்கும்போது வெளிச்சம் திருப்பப் பிடிக்கிற வெள்ளைத் தெர்மாகோல் பலகையை எடுத்து விசிற ஆரம்பித்தார்.

"கை வலிக்கும், விடுங்க அத்தான்" என்றார் செல்வராணி.

"என்னாங்க, கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் புடிக்காத விசிறி, பொட்டிக்காவது புடிக்கிறேனே. ஏங்க தம்பி, இன்னும் சுணங்குமா?"

"பாதி தாண்டிருச்சுங்க."

"சுணங்குனாலும் சரிதான், நின்டுறாம இருந்தாப் போதும். வெறுங்கையோட போனா, என்னய லயத்துக்குள்ள சேத்துக்க மாட்டா."

பன்னிரண்டு இருபதுக்கு முடிந்தது. மூன்று சீடி எழுதி, மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை வேகமாக ஓட்டிப் பார்த்தோம். ஒரு கோடு இல்லை. ஒன்று முத்தையாவின் கோட்டுப் பைக்குள், ஒன்று பெட்டிக்குள், ஒன்று செல்வராணியிடம். மூன்று மணி பஸ் மூன்றே காலுக்கு வந்தது. அவர் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தன் கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார்.

லைன்மேனிடம் அன்றே போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். திங்கட்கிழமை நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் "மெக்கானிக்கின் யோசனை" என்று என் கையால் எழுதினேன். சார் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, "பாண்டி, டீ சொல்லுப்பா" என்றார். எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அதே வாரம், என் யோசனையைக் கேட்டு பல்பு வைத்திருந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் போய் ஒவ்வொரு கம்ப்யூட்டராக வெளியே எடுத்து வைத்தேன். பதினொரு வீடு. பதினொரு டீ.

இந்தத் தொழிலில் எத்தனை கார்டு போட்டேன் என்று எண்ணியதில்லை. போட்டதிலெல்லாம் எனக்குப் பெருமை தருவது, என் தப்பால் நின்று, என் தப்பைக் கண்டுபிடித்து ஓட வைத்த இந்த ஒன்றுதான். "சொருகுனா முடிஞ்சது" இல்லை தங்கச்சி. சொருகிய இடம், அது இருக்கிற அறை, மூடுகிற கதவு, எல்லாம் சேர்ந்துதான் மெஷின். அங்கே உட்காரப் போகிறவர் சொல்வதையும் சேர்த்துக்கொள்.

ஒரு மாதம் கழித்து செல்வராணி கடைக்கு வந்தார். முத்தையா போன் பேசியிருக்கிறார். அவர்கள் லயத்தில் ஒரு வீட்டில்தான் சீடி பிளேயர் உண்டாம். அதை டிவியோடு தூக்கிவந்து அக்காவின் கட்டிலுக்கு எதிரே வைத்தார்களாம். படம் ஒரு மணி பத்து நிமிடம். அக்கா அதைப் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆயிற்றாம்.

"மெஷின் நின்னுருச்சாம்மா?" என்று பதறினேன்.

"மெஷின் எங்க நின்னுச்சு? அக்காதான் நிக்க வச்சிருக்கு. அங்கருந்து இங்க வந்தவங்கள எல்லாம் அது கடேசியாப் பாத்தது கப்பலேத்தி விட்டப்பதான. சாப்பாட்டுப் பந்தியில ஒவ்வொரு மூஞ்சியா நிப்பாட்டச் சொல்லிப் பேரு கேட்டிருக்கு. அப்பறம் அத்தானக் கேக்கறத விட்டுட்டு, அதுவே சொல்ல ஆரம்பிச்சிருச்சாம். 'நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. இது நம்ம மேட்டு லயத்து ராக்கு மகதானே? அவ அம்மா மாதிரியே குனிஞ்சு சோறு வைக்கிறா பாருங்க.'"